எட்டு மாத ஏஐ சந்தா: கூடியது வேலையா, மெயிலா?

நூல்கண்டு | திங்கள், இரவு 9.40

வணக்கம். திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் முதலாளி ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார். மறுநாளே ஆபீசில் ஒன்பது பேருக்கு ஏஐ சந்தா கட்டிவிட்டார். இன்று கூப்பிட்டு, "இத்தனை மாசம் கட்டினோமே, என்ன கூடியிருக்கு? ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு, அப்புறம் தொடரலாமான்னு பார்க்கலாம்" என்றார்.

எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. பையருக்கு (எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிற கம்பெனி) ஒரு மெயில் தயார் செய்ய எங்கள் பசங்களுக்கு முன்பு அரை மணி நேரம் ஆகும். இப்போது ஐந்து நிமிடம். ஆங்கிலம் சரியா என்று கேட்டு என் மேஜைக்கு வந்து நிற்பதும் நின்றுவிட்டது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் போன வருஷம் இதே சீசனில் எத்தனை ஸ்டைல் கப்பலேற்றினோமோ, ஏறக்குறைய அத்தனைதான் இந்த வருஷமும். ஆள் குறையவில்லை, ஓவர்டைம் குறையவில்லை. அப்படியானால் மிச்சமான நேரம் எங்கே போனது?

உங்கள் ஆபீசில் எப்படி என்று சொல்லுங்கள். வீடியோ லிங்க் வேண்டாம், முதலாளியே தினம் நாலு அனுப்புகிறார்.

சும்மா வந்தவன் | திங்கள், இரவு 9.52

ரீல்ஸில் போயிருக்கும். போனை வாங்கிப் பாருங்கள்.

செமிகோலன் | திங்கள், இரவு 10.30

நூல்கண்டு அண்ணா, நீங்களாவது கேள்வி கேட்கிறீர்கள். எங்கள் ஐடி கம்பெனியில் கேட்கவே விடுவதில்லை. எத்தனை பேர் ஏஐ பயன்படுத்துகிறார்கள் என்று வாராவாரம் சதவீதம் எடுக்கிறார்கள். அதனால் என்ன கிடைத்தது என்று எடுப்பதில்லை.

எங்கள் துறையில் இரண்டு ஆய்வு உண்டு, இரண்டையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் வந்த புதிதில் செய்த சோதனையில், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன சர்வர் எழுதச் சொன்னபோது, கருவி வைத்திருந்தவர்கள் 55.8% வேகமாக முடித்தார்கள். விற்பனை ஆட்கள் இன்று வரை தூக்கிக்கொண்டு அலைவது இந்த எண்ணைத்தான். பிறகு 2025 ஜூலையில் மெட்டர் என்ற அமைப்பு இன்னொன்று வெளியிட்டது. பல வருடமாக ஒரே திறமூல மென்பொருளில் வேலை செய்கிற 16 அனுபவசாலிகள், அவர்கள் சொந்த மென்பொருளிலேயே 246 வேலைகள். ஏஐ அனுமதித்தபோது 19% அதிக நேரம் பிடித்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது இதுதான். ஆரம்பிக்கும் முன் அவர்களிடம் கேட்டார்கள்: 24% வேகமாக முடிப்போம் என்றார்கள். முடித்த பிறகு கேட்டார்கள்: 20% வேகமாக முடித்தோம் என்றார்கள். கடிகாரம் ஒன்று சொல்கிறது, ஆள் வேறொன்று சொல்கிறார். ஆகவே உங்கள் பசங்களிடம் "வேகமாகிவிட்டதா?" என்று கேட்டு அதை முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

(அந்தச் சோதனை அன்றைய கருவிகளோடு நடந்தது, பதினாறே பேர், தங்கள் வீட்டு அறையைப் போல அந்த மென்பொருளைத் தெரிந்தவர்கள். இதை வைத்து எல்லாருக்கும் மெதுவாகும் என்று சொல்லிவிட முடியாது.)

ஹெட்செட் | செவ்வாய், காலை 6.15

நைட் ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாடிக்கையாளர் சேவையில் பதினோரு வருஷம். இப்போது இருபது பேர் கொண்ட டீமுக்கு லீட். எங்களிடம் கூடியிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் எல்லாருக்கும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முன்பு முதல் மூன்று மாதம் திணறுவார்கள். வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். இப்போது திரையின் ஓரத்தில் "இப்படிச் சொல்லு, இந்தப் பக்கத்தைத் திற" என்று வந்துவிடுகிறது. என்னைப் பார்ப்பதில்லை. என் போன்ற பழைய ஆட்களுக்கு அந்தக் குறிப்பு ஈ மாதிரி. கை தட்டி விரட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். பிரின்யோல்ஃப்சன், லீ, ரேமண்ட் மூவரும் 2023இல் வெளியிட்டது. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏஜெண்டுகள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸில். ஒரு மணி நேரத்தில் தீர்த்த புகார்கள் சராசரியாக 14% கூடின, புதியவர்களிடம் 34%, அனுபவசாலிகளிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு மாத அனுபவக்காரர் ஏஐ துணையோடு, அது இல்லாத ஆறு மாத அனுபவக்காரர் அளவுக்குச் செய்தார். அதைப் படித்தபோது என் டீமைப் பற்றி யாரோ எழுதிய மாதிரி இருந்தது.

ஒரே ஒரு மனக்குறை. அந்தக் கருவிக்கு நல்ல பதில் எது என்று கற்றுக்கொடுத்தது எங்களைப் போன்ற பழையவர்களின் உரையாடல்கள்தான். என் பத்து வருஷத்துச் சொற்களைத் தான் அந்தப் பிள்ளைகளின் திரையில் காட்டுகிறது. இன்க்ரிமெண்ட் மட்டும் காட்டவில்லை.

பற்று வரவு | செவ்வாய், காலை 10.05

கரூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். எங்கள் கதை கொஞ்சம் வேறு.

மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும், அதாவது விற்றவர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியல். அதையும் கட்சிக்காரரின் பர்சேஸ் கணக்கையும் ஒப்பிட்டு, எந்த பில் வரவில்லை, எதில் வரி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இரண்டு கோப்பையும் அப்படியே ஏஐயிடம் கொடுத்து "ஒப்பிடு" என்றார். அழகான அட்டவணை வந்தது. கீழே கூட்டுத்தொகையும் இருந்தது. நான் பழக்கதோஷத்தில் கால்குலேட்டரில் தட்டினேன், உதைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நாற்பது பில்லில் மூன்றைக் காணோம். "விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அது. மனிதன் விட்டால் அந்த இடத்தில் ஒரு பென்சில் கோடாவது இருக்கும்.

பிறகு என்ன செய்தோம் தெரியுமா? அதே ஏஐயிடம், "இந்த இரண்டையும் ஒப்பிட எக்செல்லில் எப்படி ஃபார்முலா போடுவது?" என்று கேட்டோம். சொல்லிக்கொடுத்தது. இப்போது ஒப்பிடுவது எக்செல், ஏஐ இல்லை. ஒரு முழு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது, கூட்டுத்தொகை உதைப்பதில்லை. இதை ஏஐயின் கணக்கில் வரவு வைப்பதா, பத்து வருஷமாக ஃபார்முலா கற்றுக்கொள்ளாமல் இருந்த எங்கள் கணக்கில் பற்று வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீசுக்குப் பதில் எழுதச் சொன்னபோது ஒரு உயர் நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது. வழக்கு எண், வருடம் எல்லாம் உண்டு, தீர்ப்புதான் இல்லை. ஆடிட்டர் தேடிப் பார்க்கச் சொன்னதால் தப்பித்தோம். தேடியதில் அரை நாள் போனது. அந்த அரை நாளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சும்மா வந்தவன் | செவ்வாய், காலை 10.20

எம்ஐடியே சொல்லிவிட்டதே, 95% கம்பெனிக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்று. அப்புறம் என்ன விவாதம்? இழையைப் பூட்டுங்கள்.

செமிகோலன் | செவ்வாய், மதியம் 1.10

தம்பி, அந்த 95% கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் வந்த அறிக்கை அது. ஐம்பத்திச் சொச்சம் நிறுவனங்களில் பேட்டி, ஒரு சின்ன சர்வே, வெளியில் தெரிந்த முந்நூறு திட்டங்களின் விவரம், இவ்வளவுதான் அடிப்படை. லாப நட்டக் கணக்கில் சீக்கிரமே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வந்தால்தான் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டால் முழு நிர்வாகத்தையும் ஒரே மென்பொருளில் கொண்டுவரும் ஈஆர்பியைப் புதிதாகப் போட்ட கம்பெனியும் முதல் வருஷம் தோல்விதான்.

அதே அறிக்கையில் யாரும் பகிராத ஒரு விஷயம் இருக்கிறது. பணத்தை அதிகம் கொட்டியது விற்பனையிலும் விளம்பரத்திலும். பலன் நன்றாக வந்தது பின்கட்டு வேலைகளில். பற்று வரவு மேடம் சொன்ன மாதிரி வேலைகள். காட்சிக்கு வைக்கிற இடத்தில் செலவு செய்கிறார்கள், மிச்சமாவது கணக்கு மேஜையில்.

ஓய்வூதியர் | செவ்வாய், மாலை 5.45

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். நூல்கண்டு தம்பி கேட்ட "நேரம் எங்கே போனது" என்பது எங்கள் துறையில் பழைய கேள்வி. 1987இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ எழுதினார்: கணினி யுகம் எங்கு பார்த்தாலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று. அந்த வருடமே அவருக்கு நோபல். அமெரிக்காவில் புள்ளிவிவரம் அசைந்தது 1995ஐ ஒட்டித்தான்.

அதற்கும் முந்தின கதை ஒன்றைச் சொல்கிறேன், வகுப்பில் நடத்தப் பிடித்த பாடம் அது. 1990இல் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் மின்சாரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்தது 1882. ஆனால் 1900 நெருங்கும்போதுகூட அமெரிக்க ஆலைகளின் இயக்கு சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5% தொடவில்லை. பாதியை எட்ட இன்னும் இருபது வருடம் ஆனது.

ஏன்? நீராவி காலத்து ஆலையில் ஒரே பெரிய எஞ்சின். கூரையை ஒட்டி நீளமான ஒரு இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் இறங்கும். தண்டின் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் அங்கே இருக்க முடியும். வேலையின் வரிசைப்படி இயந்திரத்தை வைக்க முடியாது. மின்சாரம் வந்ததும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டு அப்படியே, பெல்ட் அப்படியே, மாடிக் கட்டடம் அப்படியே. கொஞ்சம் எரிபொருள் மிச்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, ஒரே தளத்தில் கட்டடம் கட்டி, பொருள் நகர்கிற வரிசையில் இயந்திரங்களைப் போட்ட பிறகுதான் 1920களில் உற்பத்தித்திறன் எகிறியது.

தம்பி, உங்கள் ஆபீசில் ஒன்பது சந்தா வந்தது. மேஜை ஏதாவது நகர்ந்ததா?

நூல்கண்டு | செவ்வாய், இரவு 11.20

ஐயா, மேஜை நகரவில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வேலை இப்படி. பையரிடமிருந்து டெக் பேக் வரும், அதாவது உடையின் அளவு, துணி, தையல் விவரம் எல்லாம் உள்ள கோப்பு. பேட்டர்ன் போட்டு சாம்பிள் தைத்து அனுப்புவோம். கலருக்கு லேப் டிப் (சாயம் போட்ட சின்னத் துணி மாதிரி) போகும், அது ஓகே ஆக வேண்டும். அப்புறம் சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி. இதில் ஏஐ வேகப்படுத்தியது மெயிலை. எங்கள் மெயில் ஐந்து நிமிடத்தில் போகிறது, சரி. லேப் டிப்பை பையர் பார்த்து ஓகே சொல்ல அவர் எடுக்கிற நாளைத்தான் எடுக்கிறார். சாயப்பட்டறையில் நம் துணிக்கு முன்னால் யார் துணி நிற்கிறதோ அதுதான் முதலில் மெஷினில் ஏறும். மெயில் வேகமாகப் போய் அங்கே வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது.

மெயிலும் கூடிவிட்டது. முன்பு பையர் ஆபீசிலிருந்து "கழுத்தை மாற்று, வெள்ளிக்குள் அனுப்பு" என்று ஒரு வரி வரும். இப்போது ஐந்து பத்தி வருகிறது, எங்கள் நீண்ட கால உறவுக்கு நன்றியோடு. அவர்களும் ஏதோ ஒரு ஏஐயில் எழுதுகிறார்கள் போல. எங்கள் பசங்க அதை ஏஐயில் போட்டு ஒரு வரியாகச் சுருக்கிப் படிக்கிறார்கள்.

கழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று மாதம் முன்னால் குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்றுக்கு 14 பக்க டெக் பேக். ஒரு பையன் அதை ஏஐயில் போட்டு ஒரு பக்கமாக்கி பேட்டர்ன் மாஸ்டரிடம் கொடுத்தான். மாஸ்டருக்கு வயது அறுபது இருக்கும், ஆங்கிலம் தெரியாது. அளவை மட்டும் பார்ப்பார். தாளைப் பார்த்தார், டேப்பை எடுத்தார், கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "இதுக்குள்ள புள்ள தலை எப்படி நுழையும்?" என்றார். போய்ப் பார்த்தால், கழுத்து இழுபடும்போது குறைந்தது எவ்வளவு விரிய வேண்டும் என்ற அளவுக்கு எதிரே, சும்மா கிடக்கும்போது உள்ள கழுத்து அகலத்தைப் போட்டிருந்தது. இரண்டு வரியும் டெக் பேக்கில் அடுத்தடுத்து இருக்கும். மாஸ்டர் பார்த்ததால் ஒரு சாம்பிளோடு போனது. பார்க்காமல் விட்டிருந்தால் பையர் கமெண்ட், இன்னொரு சாம்பிள், பத்து நாள் காலி.

நாலு கலர் | புதன், காலை 11.30

சிவகாசியில் ஆப்செட் அச்சகம், நானும் முதலாளிதான். ஆகவே உங்கள் முதலாளியைத் திட்டாமல் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம். அதற்கு முருகன் படம் பத்து வேண்டும் என்றால் முன்பு ஆர்ட்டிஸ்டுக்குச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருப்போம். போன தடவை டிசைனர் ஒரே மதியத்தில் அறுபது படம் எடுத்துக் காட்டினார். எனக்கும் ஆனந்தம். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு முருகனுக்குக் கையில் ஆறு விரல். ஒருவர் வேலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். மயிலுக்குக் கால் மூன்று. சாமி படத்தில் இந்த மாதிரி போனால் கடைக்காரர் ஆல்பத்தைத் தூக்கி எறிவார்.

அதையெல்லாம் சரிசெய்தாலும் படம் போன் திரைக்குத்தான் காணும். பெரிய தாளில் அச்சடிக்க இன்ச்சுக்கு 300 புள்ளி வேண்டும். திரையில் மின்னுகிற நீலமும் பச்சையும் நாலு கலர் மைக்கு மாற்றினால் செத்துப்போகும். அறுபதில் தேறியது நாலு. அந்த நாலைச் சரிசெய்ய டிசைனருக்கு இரண்டு வாரம்.

ஆனால் நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த அறுபதும் உதவின. முன்பு "இது இல்லை, வேற மாதிரி" என்று நாலு தடவை திருப்பி அனுப்புவார்கள். இப்போது முதல் நாளே "இந்தப் பின்னணி, அந்த முகம்" என்று கை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஆர்ட்டிஸ்ட் வரைகிறார். எனக்கு லாபம் வந்தது அந்த இடத்தில்தான். நான் எதிர்பார்த்த இடம் அது இல்லை.

ஓய்வூதியர் | புதன், மதியம் 3.00

நாலு கலர் சொன்னது முக்கியம். டென்மார்க்கில் ஹும்லம், வெஸ்டர்கார்ட் என்ற இருவர் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையில் போகிறது. 25,000 ஊழியர்கள், 7,000 பணியிடங்கள், அரசுச் சம்பளப் பதிவுகளோடு ஒப்பிட்டது. ஏஐ பயன்படுத்தியவர்களே சொன்ன நேர மிச்சம் சராசரியாக 3% அளவு. சம்பளத்திலும் வேலை நேரத்திலும் மாற்றம் ஏறக்குறைய பூஜ்யம். புது வேலைகளும் முளைத்திருக்கின்றன. மாணவர்கள் வீட்டுப்பாடத்தை ஏஐயில் எழுதினார்களா என்று ஆசிரியர்கள் சோதிப்பது அதில் ஒன்று. நல்லவேளை, நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சோதனைச் சாலையில் 14, 34, 55 என்று வருகிற சதவீதம் தேசக் கணக்குக்கு வரும்போது கரைந்துவிடுகிறது. பொருளாதார அறிஞர் டேரன் அசெமோக்லு 2024இல் கணக்குப் போட்டு, ஏஐயால், பத்து வருடத்தில் மொத்த உற்பத்தித்திறன் கூடுவது 0.7 சதவீதத்தைக்கூடத் தாண்டாது என்றார். கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி அதற்கு முந்தின வருடம் உலக உற்பத்தி 7% கூடும் என்றிருந்தது. இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சும்மா வந்தவன் | புதன், மதியம் 3.08

கடன் கொடுக்கிற ஸ்வீடன் கம்பெனி க்ளார்னாவை விட்டுவிட்டீர்களே. 2024இல் 700 வாடிக்கையாளர் சேவை ஏஜெண்டுகளின் வேலையை எங்கள் ஏஐ செய்கிறது என்று மார்தட்டினார்கள். அடுத்த வருஷமே தரம் இறங்கிவிட்டது, மனிதர்களை எடுக்கிறோம் என்றார் அந்த சிஇஓ.

ஹெட்செட் | புதன், மாலை 6.40

அது உண்மை. ஆனால் ஏஐயையும் அவர்கள் எடுத்துவிடவில்லை, இரண்டும் ஓடுகிறது. எங்களிடமும் அப்படித்தான். ரீஃபண்ட் எங்கே, பாஸ்வேர்ட் மாற்று மாதிரி அழைப்பெல்லாம் ஏஐ சாட்பாட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வருவது முழுக்கக் கோபமான அழைப்பு. முன்பு நடுநடுவே வரும் சுலபமான அழைப்பில்தான் தண்ணீர் குடிப்போம். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் முடிக்கிற அழைப்பு குறைந்திருக்கிறது, கடினமானது மட்டும் வருவதால். அறிக்கையில் அது எங்கள் திறன் குறைந்த மாதிரி தெரிகிறது. மேலே இதை எப்படிப் புரியவைப்பது என்று யாராவது சொன்னால் நல்லது.

செமிகோலன் | புதன், இரவு 10.15

அழைப்பை சுலபம், கடினம் என்று இரண்டாகப் பிரித்து, ஏஐ வருவதற்கு முந்தின மாதத்தின் கடினமான அழைப்புகளோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். சராசரியை அப்படியே காட்டினால் எப்போதும் நீங்கள்தான் தோற்பீர்கள்.

நூல்கண்டு அண்ணா, உங்களுக்கும் அதேதான். மெயில் எண்ணிக்கையை விடுங்கள். டெக் பேக் வந்த தேதி, முதல் சாம்பிள் போன தேதி, எத்தனை தடவை சாம்பிள் திரும்பியது, இந்த மூன்றையும் எடுங்கள்.

நூல்கண்டு | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.30

எடுத்தேன். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி, பன்னிரண்டு நாள் பசங்களோடு உட்கார்ந்து, யார் எதற்கு ஏஐயைத் திறக்கிறார்கள், திறந்த பிறகு எவ்வளவு நேரம் சரிபார்க்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன்.

டெக் பேக்கிலிருந்து முதல் சாம்பிள் வரை நாள் குறையவில்லை. ஆனால் ஒரு இடத்தில் நன்றாகத் தெரிந்தது. பையர் டெக் பேக்கைத் திருத்தி இரண்டாவது, மூன்றாவது பிரதி அனுப்புவார். எது மாறியது என்று சொல்ல மாட்டார். 14 பக்கத்தையும் 14 பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் தேடுவது இரண்டு மணி நேர வேலை. ஏஐ மாறியதை எடுத்துக் கொடுக்கிறது, மாஸ்டர் டேப்போடு பார்த்து ஓகே சொல்கிறார், மொத்தம் இருபது நிமிடம். திருத்தத்தைக் கவனிக்காமல் விட்டதால் திரும்பி வந்த சாம்பிள் போன சீசனில் ஆறு, இந்த சீசனில் ஒன்று. இதை எட்டு மாதமாக யாருமே கவனிக்கவில்லை, நான் உட்பட.

காஸ்டிங்கில், அதாவது ஒரு உடைக்கு என்ன அடக்க விலை ஆகும் என்று கணக்குப் போடுவதில், ஒரு பலனும் இல்லை. நூல் விலை, பீஸ் ரேட் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் மேனேஜர் தலையிலும் இருக்கிறது. அது ஏஐக்கு எங்கே தெரியும்.

பேப்பரில் எழுதிக் கொடுத்தேன்: ஒன்பது வேண்டாம், நாலு போதும். டெக் பேக் பார்க்கிற இருவர், புதிதாகச் சேர்ந்த இருவர். முதலாளி படித்துவிட்டு, "அஞ்சு சீட்டு, சீட்டுக்கு மாசம் ரெண்டாயிரம், வருஷம் ஒரு லட்சத்து இருபது" என்று ஒரு நொடியில் சொன்னார். அதற்கு அவருக்கு ஏஐ வேண்டியதில்லை. அப்புறம் ஜன்னல் வழியாக யூனிட்டைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு ஓவர்லாக் மெஷின் பழைய கிளட்ச் மோட்டாரில்தான் ஓடுகிறது, தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். "அந்தக் காசுல இதுக்கெல்லாம் தைக்கிறப்ப மட்டும் சுத்துற சர்வோ மோட்டார் போட்டுரு" என்றார்.

ஐயா, உங்கள் மின்மோட்டார் கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

சும்மா வந்தவன் | சனி, இரவு 8.41

பிடுங்கின அஞ்சு சீட்டில் யார் யார்?

நூல்கண்டு | சனி, இரவு 8.50

முதல் சீட்டு என்னுடையதுதான். நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது இதுதான்: பன்னிரண்டு நாளில் நான் திறந்தது மூன்று தடவை, அதில் ஒன்று மகளுக்கு ஸ்கூல் லீவ் லெட்டர்.

பற்று வரவு மேடம், அந்த எக்செல் ஃபார்முலாவை இங்கே போடுங்களேன். சாயப்பட்டறை பில்லோடு ஒப்பிட எங்களுக்கும் அதே தலைவலி இருக்கிறது.